ஒட்டுப்பாலும் ஒற்றுப்பிழையும்

ஒரு சிற்றிதழுக்காகக் கதைகளைத் திருத்தத் தொடங்கிய புதிதில் நான் செய்த முதல் பெரிய காரியம், ஒரு பையனின் கால்சட்டைப் பைக்குள் ரப்பர் பாலை ஊற்றியது.

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு கதை வந்திருந்தது. எழுதியவர் பால்வெட்டுத் தொழிலாளி. கதையில் ஒரு பையன் பக்கத்துத் தோட்டத்தில் ஒட்டுப்பால் திருடி, கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடுகிறான். நான் கோட்டாற்றில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் பேச்சிப்பாறை அணைக்கு டூர் கூட்டிப்போனபோது பஸ் ஜன்னல் வழியாக ரப்பர் மரத்தைப் பார்த்ததோடு சரி. ஒட்டுப்பால் என்ற சொல் எனக்கு ஏதோ எழுத்துப்பிழை மாதிரிப் பட்டது. ஐந்து இடத்தில் வந்தது. ஐந்திலும் 'ரப்பர் பால்' என்று மாற்றினேன். கதை தெளிவாகிவிட்டது என்று எனக்கே ஒரு திருப்தி.

இதழ் போய்ச் சேர்ந்த நாலாம் நாள் போன் வந்தது.

"பிள்ளே, ஒரு காரியம் கேக்கட்டா? ரப்பர் பால எப்பிடி பாக்கெட்டுல போடுவான்?"

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் அவரே பொறுமையாகச் சொன்னார். விடியும் முன்னே மரத்தை வெட்டினால் பால் வடிந்து சிரட்டையில் சேரும். அதை எடுத்துக்கொண்டு போன பிறகும் மரம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருக்கும். அது சிரட்டையின் அடியிலும் வெட்டின பட்டையிலும் உறைந்து, இழுத்தால் நீளுகிற மாதிரி ஒட்டிக் கிடக்கும். அடுத்த வெட்டுக்கு முன்னால் உரித்தெடுப்பார்கள். அதுதான் ஒட்டுப்பால். ரப்பர் ஷீட்டை விட விலை குறைவு, நாற்றம் அதிகம். ஆனால் பாக்கெட்டில் போடலாம்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன். "எங்க ஊருல எல்லாரும் வாசிச்சிட்டுச் சிரிக்காங்க. அது சிரிக்கிற கதை இல்ல பிள்ளே" என்று மட்டும் சொன்னார்.

நான் வடசேரியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி, கோயில் கொடை நோட்டீஸ், பள்ளிக்கூட ஆண்டுமலர் இவைதான் எனக்குச் சோறு போடுகின்றன. 2013-இல், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், தான் நண்பர்களோடு சேர்ந்து நடத்தும் காலாண்டிதழுக்குப் பக்கம் கட்டித் தரச் சொல்லி வந்தார். மூன்றாவது இதழின்போது ஒரு கதையைத் தட்டச்சு செய்துகொண்டே, "சார், ரெண்டாம் பக்கத்துல செத்துப்போன அப்பா அஞ்சாம் பக்கத்துல வந்து சாயா குடிக்காரு" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அடுத்த இதழிலிருந்து கதைகள் முதலில் என் மேசைக்கு வரத் தொடங்கின. சம்பளம் கிடையாது. சாயா உண்டு.

நாகர்கோவிலில் சிற்றிதழ் என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். சுந்தர ராமசாமி 1988-இல் காலச்சுவடைத் தொடங்கியது இந்த ஊரில்தான். பொன்னீலனுக்கு 1994-இலும் தோப்பில் முஹம்மது மீரானுக்கு 1997-இலும் நாஞ்சில் நாடனுக்கு 2010-இலும் சாகித்திய அகாதெமி விருது வந்தது. மூன்று பேரும் இந்த மாவட்டத்து மண்ணில் பிறந்தவர்கள். இதில் பெருமை இருக்கிறது, ஒரு சங்கடமும் இருக்கிறது. இங்கே எழுத உட்காருகிற ஒவ்வொருவரின் தோளிலும் இவர்களில் ஒருவர் கை வைத்துக்கொண்டு நிற்பார். நாஞ்சில் நாடனை வாசித்த கையோடு எழுதிய கதை என்றால் எனக்குத் தெரிந்துவிடும், மூன்றாவது பத்திக்குள் இலை போட்டுவிடுவார்கள். அவியலில் என்னென்ன காய் என்பது வரை வரும், சாப்பிடுகிறவன் யாரென்று வராது.

ஒரு இதழுக்கு முப்பது நாற்பது கதைகள் வருகின்றன. நாங்கள் போடுவது நான்கு, மிஞ்சினால் ஐந்து. டெமி எட்டில் ஒன்று அளவு, 64 பக்கம், அதாவது பதினாறு பதினாறு பக்கமாக ஒன்றாய் அச்சாகும் ஃபாரம் நான்கு. பக்கத்துக்குச் சுமார் 250 சொல் என்று வைத்தால் 2000 சொல் கதை எட்டுப் பக்கத்தைத் தின்றுவிடும். கவிதைக்காரர்களுக்கும் கட்டுரைக்காரர்களுக்கும் இடம் வேண்டும். ஒரு பக்கம் கூடினால் ஒரு பக்கத்தோடு நிற்காது, ஃபாரக் கணக்கு உதைக்கும். ஆகவே வெட்டச் சொல்லி எழுத்தாளரிடம் கேட்பது எப்போதும் இலக்கியக் காரணத்துக்காக மட்டும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பக்கம் இல்லை என்றால் பக்கம் இல்லை என்றே சொல்லிவிடுவேன். அதற்கு யாரும் கோபித்துக்கொண்டதில்லை. 'கதை இறுக்கமாக இல்லை' என்று சுற்றிவளைத்துச் சொன்ன காலத்தில்தான் சண்டை வந்தது.

ஒரு கதையை மூன்று தடவை வாசிக்கிறேன். முதல் தடவை பேனா, பென்சில் எதுவும் பக்கத்தில் கிடையாது. கையில் பென்சில் இருந்தால் எனக்குப் பிழைதான் கண்ணில் படும், கதை படாது. இரண்டாவது தடவை ராத்திரி கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சத்தமாக வாசிப்பேன். எதிரே பூட்டுச் சாவிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி முதலில் பயந்துபோய் எட்டிப் பார்த்தார். இப்போது, "இன்னைக்கு என்ன கதை?" என்று கேட்டுவிட்டுத்தான் கடையைப் பூட்டுகிறார். எந்த வாக்கியத்தில் எனக்கு மூச்சு முட்டுகிறதோ, எந்தப் பேச்சைச் சொல்ல நாக்குக் கூசுகிறதோ அங்கே ஒரு புள்ளி. திருத்தம் இல்லை, வெறும் புள்ளி. மூன்றாவது தடவைதான் பென்சில்.

இப்படி வாசித்ததில் பிடிபட்ட ஒரு விஷயம் பஸ். கதாபாத்திரம் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆரல்வாய்மொழி காற்றாலைகளைப் பார்த்ததும் பழைய நினைவில் மூழ்கும் கதை இதழுக்குக் குறைந்தது ஐந்து வந்துவிடும். மூழ்கியவர் தோவாளை தாண்டுகிற வரை மேலே வர மாட்டார். சில கதைகளில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது கதையே முடிந்திருக்கும். இந்த மாதிரிக் கதைகளில் நான் முதலில் செய்வது, பஸ் டிக்கெட்டைக் கிழிப்பது. நினைவுக்குள் நடக்கிற சம்பவம் எந்த வரியில் தொடங்குகிறதோ அதிலிருந்து வாசித்துப் பார்ப்பேன். பத்தில் ஏழுக்கு அது போதும். மீதி மூன்றுக்குப் பஸ் வேண்டியிருக்கும், ஏனென்றால் பக்கத்து சீட்டில் உண்மையிலேயே யாரோ உட்கார்ந்திருப்பார்கள்.

தோவாளையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை அனுப்பிய கதையின் ஒரு பத்தியை அவர் சம்மதத்தோடு இங்கே தருகிறேன். வந்தபோது இப்படி இருந்தது:

"அந்த அந்திமாலைப் பொழுதில் சூரியன் தன் பொற்கதிர்களை மலைகளுக்குப் பின்னால் மெல்ல மெல்ல ஒளித்துக்கொண்டிருந்த வேளையில், கணவனை இழந்த சோகத்தால் மனம் நொறுங்கிப்போயிருந்த செல்லம்மா, கடைக்குக் கொடுக்க வேண்டிய பிச்சிப்பூவைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் விழிகளில் கண்ணீர் முட்டியது."

முன்பென்றால் நானே உட்கார்ந்து சூரியனைத் தூக்கி, பொற்கதிரை வெட்டி, நாலு நல்ல வரி எழுதிக் கொடுத்திருப்பேன். கை பரபரத்தது. ஒட்டுப்பால் நினைவுக்கு வந்தது. எனக்குப் பூக்கட்டத் தெரியாது. சூரியனுக்கு நேராக ஒரு கேள்விக்குறி போட்டேன். ஓரத்தில் இரண்டு கேள்வி எழுதினேன். 'டீச்சர், செல்லம்மா எதை வைத்துக் கட்டுகிறாள்? அவள் கை இன்றைக்கு எப்படி இருக்கிறது?' அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து வந்தது இது:

"செல்லம்மா வாழைநாரை நனைக்காமலே கட்டத் தொடங்கியிருந்தாள். மூன்றாவது தடவை அறுந்தபோதுதான் கவனித்தாள். தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைப்பது அவர் வேலை."

இதை நான் எழுதியிருக்க முடியாது. அந்த 'அவர் வேலை' என்ற இரண்டு சொல்லை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். தமிழாசிரியர் சாரிடம் காட்டினேன். அவர், "சூரியன் போயாச்சா, நல்லது" என்றார். அன்றிலிருந்து ஓரத்தில் கேள்வி எழுதுவதுதான் என் வழக்கம். பதில் எழுதுவதில்லை. கேள்வியும் பொருளைப் பற்றித்தான் இருக்கும், 'உணர்ச்சி போதவில்லை' மாதிரி இருக்காது. உணர்ச்சி போதவில்லை என்று சொன்னால் இன்னும் இரண்டு சொட்டுக் கண்ணீரைச் சேர்த்து அனுப்புவார்கள், எனக்கு அனுபவம் உண்டு.

பேச்சுமொழிதான் இங்கே பெரிய தலைவலி. கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரத்தில் 'சொன்னான்' என்பது மேற்கே விளவங்கோடு போனால் 'பறைஞ்சான்' ஆகிவிடும். 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்தத் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. மேற்கே வயதானவர்களில் மலையாளத்தில் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் உண்டு. குழித்துறைப் பக்கம் ஒரு பாட்டா, அதாவது தாத்தா, எங்களுக்கு எழுதுவார். தமிழ் எழுத்து அவராகப் பழகியது. ஒற்று என்ற ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டார். 'வேலைக்கு போனான்', 'அவனை கண்டான்' என்றுதான் நேராகப் போகும். முதல் கதையில் நான் ஒற்றையும் போட்டு, 'பறைஞ்சான்' எல்லாவற்றையும் 'சொன்னான்' ஆக்கி, 'ஓர்மை' என்பதை 'நினைவு' ஆக்கி மெய்ப்பு, அதாவது புரூஃப், அனுப்பினேன். அவர் திருப்பி அனுப்பிய தாளில் ஒரே ஒரு வரி இருந்தது. "ஒற்று இட்டது கொள்ளாம். மற்றது வேண்டாம்."

ஒற்று இலக்கணம், அதில் எனக்கு உரிமை உண்டு. ஓர்மை அவருடையது. இந்தக் கோட்டை அவர் எனக்குப் போட்டுக் காட்டினார் என்று சொல்ல வேண்டும். இப்போது ஒவ்வொரு கதைக்கும் ஒரு துண்டுத்தாள் வைத்திருக்கிறேன். கதையில் வரும் வட்டாரச் சொற்களை எழுத்தாளர் எழுதிய அதே எழுத்தில் இடப்பக்கம் எழுதிவிடுவேன். அவரே இரண்டு விதமாக எழுதியிருந்தால், உதாரணமாக ஒரு இடத்தில் 'வந்தாவ', இன்னொரு இடத்தில் 'வந்தாங்க' என்று ஒரே ஆள் பேசினால், வலப்பக்கம் குறித்து வைத்து, போனில் கேட்டு ஒன்றாக்குவேன். தெரியாத சொல் வந்தால் தொடுவதே இல்லை, போன்தான். அடிக்குறிப்பும் போடுவதில்லை. ஒட்டுப்பால் என்றால் என்னவென்று பையன் அதைப் பாக்கெட்டில் திணிக்கும்போதே வாசகருக்குத் தெரிந்துவிடும். எனக்குத்தான் தெரியவில்லை.

நேர்மாறான கூத்தும் உண்டு. நாகர்கோவில் டவுனில் இருந்துகொண்டு கடற்கரைக் கதை எழுதுகிறவர்கள், எல்லா மீனவரையும் 'ஏலே' போட்டுப் பேச வைத்துவிடுவார்கள். அந்தக் கதைகளைக் குளச்சலில் இருக்கும் ஒரு தோழிக்கு அனுப்புவோம். அவள் பதில் பெரும்பாலும் ஒரு வரிதான் இருக்கும். "இது எந்தூரு கடல்?"

2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு வந்த கதைகளை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. அடுத்த இரண்டு இதழுக்கு எங்களுக்குப் பதினொரு ஒக்கிக் கதைகள் வந்தன. பத்தில் அலை ஆர்ப்பரித்தது, கடல் அன்னை சீறினாள், கரையில் ஒரு பெண் தலைவிரிகோலமாக நின்றாள். பதினொன்றாவது தூத்தூர் பக்கத்துப் பையன் ஒருவன் எழுதியது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். அந்தக் கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். அவன் கதையில் கடலே வரவில்லை. புயலில் கரண்ட் கம்பங்கள் விழுந்து நாள்கணக்கில் மின்சாரம் இல்லாத ஊரில், ஒரு அம்மா செல்போனை அணையவிடாமல் வைத்திருக்கப் பாடுபடுகிறாள். ஜெனரேட்டர் ஓடுகிற இடத்தைத் தேடி, சார்ஜரைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு நடக்கிறாள். அவ்வளவுதான் கதை. ராத்திரி ஷட்டருக்குள் வாசித்தபோது எதிர்க்கடை அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் பூட்டிவிட்டுப் போனார்.

கடைசிப் பத்தி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அதுவரை வாயைத் திறக்காத அந்த அம்மா, கடலைப் பார்த்து நாலு வரி வசனம் பேசினாள். "தம்பி, சார்ஜரோட நிறுத்திடுவோமா?" என்று கேட்டேன். "இல்லக்கா. அது எங்கம்ம சொன்னது" என்றான். சொன்னதையெல்லாம் கதையில் வைக்க வேண்டுமா என்று வாதாடலாம். வேறு யாரிடமாவது என்றால் வாதாடியிருப்பேன். அப்படியே போட்டோம். இன்றைக்கும் அந்தப் பத்தி வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். தமிழாசிரியர் சார் அதுதான் கதையே என்கிறார். எங்களுக்குள் அது இன்னும் தீரவில்லை.

இனி கொஞ்சம் என் தொழில் பக்கம். கதைகள் இப்போது பெரும்பாலும் யூனிகோடில், செல்போனில் தட்டச்சு செய்து வருகின்றன. ஆனால் பழைய எழுத்துருவில் வேலை செய்து பழகியவர்களிடமிருந்து வருவதை மாற்றிக்கொண்டுதான் ஆக வேண்டும். அதில் சில பூதங்கள் ஒளிந்திருக்கும். 'ர்' இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலுக்கு மேல் புள்ளி வைத்து 'ா்' என்று நிற்கும். அச்சில் வித்தியாசமே தெரியாது, தேடினால் கிடைக்காது. 'எ' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழாகிய '௭' உட்கார்ந்திருக்கும். அப்புறம் இந்த 'கௌரவம்'. பாதிப் பேர் ஒற்றைக்கொம்பும் ள-வும் சேர்த்து 'கெளரவம்' என்று அடித்திருப்பார்கள்.

ஒருமுறை அச்சகத்துக்கு அனுப்பும் அவசரத்தில், 'ெள' வரும் இடத்தையெல்லாம் 'ௌ' ஆக்கச் சொல்லி மொத்தமாக மாற்றும் கட்டளையைக் கொடுத்துவிட்டு சாயா குடிக்கப் போனேன். அந்த இதழில் இருந்தது ஒரு வெள்ளக் கதை. வந்து பார்த்தால் வெள்ளம் எல்லாம் 'வௌ்ளம்', தெளிவு எல்லாம் 'தௌிவு'. கதையில் வந்த ஒரு கெளுத்தி மீன்கூடத் தப்பவில்லை. நல்லவேளை, பிளேட் போடும் முன்னே பார்த்துவிட்டேன். ராத்திரி ஒரு மணி வரை ஒவ்வொன்றாக மீட்டேன். 'எல்லாவற்றையும் மாற்று' என்ற பொத்தானைத் தமிழில் வேலை செய்கிறவர்கள் தொடவே கூடாது. ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற நேரம் ஆகும்தான், ஆனால் ஒரு மணி வரை ஆகாது.

மெய்ப்பைத் திரையில் பார்ப்பதில்லை. தாளில் எடுத்து, ஒருவர் மூலப்பிரதியை வாசிக்க இன்னொருவர் தாளைப் பார்ப்போம். நிறுத்தற்குறி உட்பட வாசிக்க வேண்டும், 'கமா', 'முற்றுப்புள்ளி' என்று. கேட்கிறவர்களுக்குப் பைத்தியம் மாதிரி இருக்கும். கடைசியாகப் பார்ப்பது கதை இல்லை, எழுத்தாளர் பெயர். உள்ளே பத்துப் பிழை இருந்தாலும் மன்னிப்பார்கள், பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனால் ஆயுள் பகை.

கதையைத் திருப்பி அனுப்புவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு வாரத்துக்குள் பதில் சொல்லிவிடுகிறோம். எடுக்கவில்லை என்றால் எடுக்கவில்லை என்று முதல் வரியில் எழுதுவோம். 'தொடர்ந்து எழுதுங்கள்' என்று போடுவதை நிறுத்திவிட்டோம். அதை வாசித்துவிட்டு ஒரே வாரத்தில் ஏழு கதை அனுப்பியவர் இருக்கிறார்.

இதழ் முன்னூறு பிரதி. அச்சானதும் பாதி தபாலில் போகும், மீதியைக் கையில் கொடுப்போம். பிடிஎஃப் கேட்டவர்களுக்கு அதையும் அனுப்பிக்கொண்டிருந்தோம், ஒரு சங்கதி நடக்கும் வரை. எங்களுக்கு எழுதும் ஒரு பெண்ணின் கதை, பெயர் இல்லாமல், 'படித்ததில் பிடித்தது' என்ற தலைப்போடு வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கியது. சுற்றிச் சுற்றி அவளுடைய சொந்த அத்தையின் போனுக்குப் போய், அத்தை அதை அவளுக்கே அனுப்பியிருக்கிறார். "மக்களே, நல்ல கதை. நீயும் இப்பிடி எழுதப் படி" என்று கூடவே ஒரு குரல்செய்தி. அவள் அதை எனக்குப் போட்டுக் காட்டினாள். சிரிப்பதா அழுவதா என்று இருவருக்கும் தெரியவில்லை.

தப்பு எங்களுடையது. தலைப்புப் பக்கத்தில் மட்டும்தான் அவள் பெயர் இருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறவர்கள் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டால் போச்சு. இப்போது ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு பக்கம் எழுத்தாளர் பெயர், எதிர்ப்பக்கம் இதழின் பெயரும் மாதமும் வருகிற மாதிரிக் கட்டுகிறேன். பார்க்கக் கொஞ்சம் நெரிசலாக இருக்கிறது, இருக்கட்டும். பிடிஎஃப் அனுப்புவதற்கு முன் எழுத்தாளரிடம் கேட்கிறோம். வேறு எங்கேயும் வெளிவராத கதையாக இருக்க வேண்டும் என்று பல போட்டிகள் கேட்கும், தொகுப்புப் போடும் பதிப்பாளரும் கேட்கலாம். அவருடைய கதை எங்கெல்லாம் போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உரிமை பற்றி எங்களுக்கே நெடுநாள் குழப்பம் இருந்தது. இதழில் வந்ததால் கதை இதழுக்குச் சொந்தம் என்று நினைக்கிறவர்கள் இரண்டு பக்கத்திலும் உண்டு. அப்படி இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எங்களுக்குக் கதை அனுப்புகிறவர்தான் அதன் முதல் உரிமையாளர். அதை மற்றவருக்கு மாற்றித் தர வேண்டுமானால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று கணக்கு. உரிமையையே விற்றுவிட்டாலும், தன் பெயர் கெடும்படி படைப்பைச் சிதைத்தால் கேள்வி கேட்கும் உரிமை எழுதியவரிடம் இருக்கும். இந்தக் கடைசி விஷயத்தை ஒரு வக்கீல் நண்பர் சொன்னபோது எனக்கு மறுபடியும் அந்தப் பையனின் பாக்கெட் ஞாபகம் வந்தது. இப்போது கதையை ஏற்றுக்கொள்ளும் கடிதத்திலேயே மூன்று வரி எழுதிவிடுகிறோம். ஒரு தடவை அச்சிடுவோம், பிடிஎஃப் உண்டா இல்லையா என்று நீங்கள் சொல்லுங்கள், தொகுப்பில் சேர்க்கும்போது முதலில் எங்கள் இதழில் வந்தது என்று ஒரு வரி போடுங்கள்.

அச்சுக்கு முன்னால் கதையைப் பகிர்ந்துகொள்ள நாங்கள் கண்டுபிடித்த வழி, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் வீட்டு மொட்டைமாடி. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். கதையை எழுதியவர் வாசிக்கக் கூடாது, அடுத்தவர் வாசிக்க வேண்டும். எழுதியவர் வாசித்தால் எழுத்தில் இல்லாத அழுத்தத்தையெல்லாம் குரலில் கொடுத்துவிடுவார். அடுத்தவர் வாசிக்கும்போது எங்கே தடுக்குகிறார், எந்த வரியைத் திரும்பப் போய் வாசிக்கிறார் என்பது எழுதியவருக்கே தெரிந்துவிடும். வாசித்து முடிக்கும் வரை அவர் வாயைத் திறக்கக் கூடாது. இது சிலருக்குப் பெரிய தண்டனை. விளக்கம் சொல்ல எழுந்த ஒருவரை அவர் மனைவியே கையைப் பிடித்து உட்கார வைத்தார். "கத அச்சுல வந்த பொறவு ஒவ்வொரு வீடா போயி வெளக்குவியளா?" என்று அந்த அக்கா கேட்டதை நாங்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

குலசேகரத்து அண்ணனுக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டோம். 'சென்ற இதழில் ஐந்து இடங்களில் ரப்பர் பால் என்று வந்திருப்பதை ஒட்டுப்பால் என்று வாசிக்கவும்.' அதற்கு அடுத்த மாதம் அவர் வடசேரி வந்தபோது கடைக்குள் நுழைந்து, ஒரு பிளாஸ்டிக் கவரை என் மேசையில் வைத்தார். உள்ளே உள்ளங்கையளவு ஒட்டுப்பால், பழுப்பும் கறுப்புமாக, பட்டைத் துணுக்கு ஒட்டியபடி. "தொட்டுப் பாரு" என்றார். தொட்டேன். இழுத்தேன். நீண்டு, விட்டதும் சுருங்கியது. கை இரண்டு நாளைக்கு நாறியது.

இப்போது அது கதைத்தாள்களின் மேல் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. போன வாரம் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன பிள்ளே இது, எலி செத்துக் கெடக்கா?" என்று கேட்டார். எடுத்துக் காட்டினேன். திருவட்டார்க்காரராம். "அட, ஒட்டுப்பாலு" என்றார், மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு.